ரசமட்டம் வாங்கிய டிவி

என் சகலை ஒரு பொருளை வாங்குகிற அழகை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் அந்தக் கடைக்காரருக்காக இரக்கப்பட்டிருப்பீர்கள். ஒரு செருப்பு வாங்குவதென்றால் போட்டு நடந்து பார்ப்பதோடு விடமாட்டார். கடைப்படியில் ஏறிப் பார்ப்பார், இறங்கிப் பார்ப்பார், ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். சும்மா சொல்கிறார் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். இவர் நிஜமாகவே நாளைக்குப் போவார், அதுதான் கொடுமை.

என் மனைவியும் அவர் மனைவியும் கூடப்பிறந்தவர்கள். அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் நான். அந்தக் கல்யாணத்துக்குச் சரி என்று வாயைத் திறந்து சொல்லவே அவருக்கு எட்டு மாதம் ஆனதாம். "எட்டு மாசம் பரிசோதனை பண்ணியும் நான் பாஸ் ஆனேன் பாருங்க, அதைச் சொல்லுங்க" என்பாள் அக்கா. என் மனைவி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

சகலைக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. முப்பது வருடமாக ஒரே கம்பெனி. லிஃப்ட் மாடியில் வந்து நிற்கும்போது உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒரு தீக்குச்சி கனம் தூக்கியிருந்தாலும் யாராவது கால் இடறி விழுவார்கள். மற்ற மெக்கானிக்குகள் கண்ணால் பார்த்துவிட்டு ஆச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் மண்டி போட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சாண் நீள ரசமட்டத்தை எடுத்து வைத்து, அதற்குள் இருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிறவரை எழுந்திருக்கமாட்டார். அதனால் கம்பெனியில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர். முதலாளிகூட "ரசமட்டம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாராம்.

நான் இதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டு டிவியைப் பத்து நிமிடத்தில் வாங்கினேன். கடைக்குள் நுழைந்ததும் எது பெரிதாகக் கண்ணில் பட்டதோ அதைக் கைகாட்டினேன். அது இன்றைக்கும் சுவரில் கொஞ்சம் சாய்ந்துதான் தொங்குகிறது. சகலை எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருவார், பாவம்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொட்டியின் விளிம்பில் பிடரி இடித்துக் கழுத்தெலும்பு நசுங்கியது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. ஒரு தையல் தொழிற்சாலையில் நூற்றிருபது மெஷின்களுக்குச் சூப்பர்வைசராக இருந்தவள். மெஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, வீட்டிலும் உப்பு கேட்பதைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பாள். ஒரு நாளில் எத்தனை மைல் நடந்திருப்பாளோ தெரியாது. அவளைப் போய் இப்படி ஒரே இடத்தில் கிடத்தி வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் வரும். அன்று பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், ஸ்ட்ரெச்சரில் கிடந்த அவள் காதுபடவே சொன்னார்: "ஆறு மாசம் தாண்டறதே கஷ்டம். படுக்கைப்புண் வரும், இல்லேன்னா நெஞ்சுல சளி கட்டும். மனசைத் தேத்திக்கங்க."

மனதைத் தேற்றிக்கொள்ள சகலைக்கு நேரம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடங்களாகப் பார்த்து அரைநாள் வேலை வாங்கிக்கொண்டார். அவர் இல்லாத நேரத்துக்கு ஒரு அம்மாவை அமர்த்தினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அக்காவைப் புரட்டவேண்டும். இடது பக்கம், அப்புறம் மல்லாக்க, அப்புறம் வலது பக்கம். ஒரு முறை தவறினாலும் தோல் சிவந்துவிடும். லிஃப்ட் சர்வீஸ் செய்தால் கையெழுத்துப் போடுவார்களே, அந்த மாதிரி ஓர் அட்டையைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். புரட்டிய நேரம், புரட்டியவர் கையெழுத்து. அலாரம் அடித்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். ஆறு மாதம் போனது, பத்து மாதம் போனது, ஒரு புண் வரவில்லை.

"என்னையும் ஒரு லிஃப்ட்டுனு நெனச்சுட்டார் உங்க சகலை. சர்வீஸ் பண்றார். என்ன, மேலேயும் போகமாட்டேங்குது, கீழேயும் போகமாட்டேங்குது" என்று அக்கா சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம். தெருவுக்கு வந்ததும், இந்த நிலைமையிலும் என்ன தைரியம் பார் என்று நான் சொல்வேன். என் மனைவி பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த அறையில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவரும் அதில் இறங்குகிற கழிவுநீர்க் குழாயும்தான். கூரையில் மழைநீர் இறங்கிய கறை ஒன்று இருந்தது. போன மாதம் நாங்கள் போயிருந்தபோது அக்கா சொன்னாள்: "அந்தக் கறையைப் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இங்க ஒரு டிவி மாட்டினா தேவலை."

விழுந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. தண்ணீர்கூட நாமாகக் கொடுத்தால்தான் குடிப்பாள், கேட்கமாட்டாள். சகலை அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வாங்கிடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

விட்டால் மனிதர் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்வார் என்ற பயத்தில், நானும் கூட வருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே அருவி விழுந்துகொண்டிருந்தது, ஒரே கிளி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அந்த அறைக்குத் தோதான அளவில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார் விற்பனையாளர். நாற்பது வயதிருக்கும், டை கட்டியிருந்தார், நாள் முழுக்க நின்று கால் வீங்கிய மாதிரி நடந்தார். ஒன்று சகலையின் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். மற்றது கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு இரண்டு கிளியும் ஒரே கிளியாகத்தான் தெரிந்தது.

"சின்ன விலையையே வாங்குங்க சகலை. அதிகக் காசு வாங்கிட்டு அந்தக் கிளி என்ன, பேசவா போகுது?" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டி, "இதைக் கொஞ்சம் இங்க இழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். போட்டார்கள். பையிலிருந்து டேப்பை எடுத்துப் பெஞ்சின் உயரத்தை அளந்தார். கட்டிலைவிட நாலு விரல் குறைச்சல் என்று இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடித்து மேலே போட்டார். சட்டைப்பைச் சாமான்களை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

என் மானம் கப்பலேறியது. குழந்தையோடு வந்திருந்த ஒரு குடும்பம் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டது. "சார், உடம்பு ஏதாவது முடியலையா?" என்று ஓடிவந்தார் விற்பனையாளர்.

"எனக்கு ஒண்ணுமில்லை. என் வீட்டுக்காரி இப்படிப் படுத்துத்தான் பாப்பா. கழுத்தைத் திருப்ப முடியாது. ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கம், ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கம். அவ கண்ணுக்கு எப்படித் தெரியும்னு பாக்கறேன்" என்றார் சகலை, படுத்தபடியே, லிஃப்ட் பழுதைச் சொல்கிற அதே குரலில்.

விற்பனையாளர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை அவர் தலைக்குச் சமமாகச் சாய்த்துப் பார்த்தார். "நீங்களும் பாருங்க" என்று என்னையும் இழுத்தார். நானும் சாய்த்தேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. விலை குறைந்த டிவியில் கிளி சாம்பல் பூசிய மாதிரி வெளுத்துவிட்டது, அருவி வெறும் வெள்ளைப் பட்டை. விலை கூடியதில் பச்சை பச்சையாகவே இருந்தது. சகலை புரண்டு வலது பக்கம் படுத்தார், மல்லாந்து படுத்தார். எப்படிப் படுத்தாலும் அது மாறவில்லை.

"நின்னு பாக்கறவங்களுக்கு இதுக்கு இவ்வளவு காசு குடுக்கறது தண்டம்னு நானே சொல்லுவேன் சார்" என்றார் விற்பனையாளர். "ஆனா உங்களுக்கு இதுதான். ஒரே ஒரு விஷயம். எத்தனை வருஷம் பாப்பீங்க? இது பத்து வருஷம் அசையாம உழைக்கும். பத்து வருஷம்னா அந்த அதிகக் காசு ஒண்ணுமே இல்லை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னா யோசிக்கணும்."

அவர் டிவியைப் பற்றித்தான் பேசினார். சகலை எழுந்து உட்கார்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வரேன்" என்றார்.

வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது சொன்னார்: "டாக்டரைக் கேக்கணும்."

"என்னன்னு?"

"எத்தனை வருஷம்னு."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. "என்ன சகலை பேசறீங்க? அக்கா எத்தனை நாள் இருப்பாங்கன்னு கேட்டுட்டா டிவி வாங்குவீங்க? வெளியில சொன்னா காறித் துப்புவாங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பழைய கட்டடத்துல லிஃப்ட்டுக்குக் கம்பிக்கயிறு மாத்தச் சொன்னா, கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிக்கும்னு கேட்டுட்டுத்தான் கயிறு எடுப்போம். ரெண்டு வருஷத்துல இடிக்கப்போற கட்டடத்துக்கு இருபது வருஷக் கயிறு போட்டா, அந்தக் காசுல அவங்க வேற என்னவெல்லாம் பண்ணியிருப்பாங்க?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "கொஞ்ச நாள்தான்னா அந்தக் காசுல ராத்திரிக்கும் ஒரு ஆள் போடலாம். நல்ல மெத்தை வாங்கலாம். தெரியாம எப்படி முடிவு பண்றது?"

கணக்கு சரிதான். கேட்கத்தான் சகிக்கவில்லை. இந்த மனிதரோடு எப்படித்தான் முப்பது வருடம் குடித்தனம் நடத்தினாளோ என்று அக்காவை நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். பழைய டாக்டர் மாற்றலாகிவிட்டார். புதிதாக ஒரு பெண் டாக்டர், கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டிருந்தார். சகலை அக்காவின் ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டையும் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அட்டைகளையும் மேஜையில் அடுக்கினார். அடுக்கிவிட்டு, "இவ எத்தனை வருஷம் இருப்பா மேடம்? ஒரு டிவி வாங்கணும்" என்றார்.

நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

டாக்டரின் முகம் இறுகியது. "என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?" என்றார். சகலை நிதானமாக இடது பக்கம், வலது பக்கம், கிளி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் அட்டைகளைப் புரட்டினார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு தடவைகூட விடலையா?"

"ரெண்டு தடவை பத்து நிமிஷம் தாமதம். சிவப்பு மையில எழுதியிருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார், நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு, சளி இல்லை, கிட்னி நல்லா இருக்கு, ஒரு புண் இல்லை. இப்படிப் பாத்துக்கிட்டா பத்து வருஷம் தாராளமா இருப்பாங்க. பதினஞ்சுகூட இருக்கலாம். அவங்களுக்கு வயசு என்ன, அம்பத்தொண்ணுதானே?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் சகலை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதோம், இரண்டு முட்டாள்களும். "பத்து வருஷம் சகலை. பத்து வருஷம்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம். பெஞ்சும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், அந்த டை கட்டியவரைக் கூப்பிட்டு, "அந்தப் பெரிய விலை டிவி" என்று கைகாட்டினார். ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. என் சாதனையை முறியடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினார். டிவி கம்பெனி ஆட்கள் வந்து மாட்டித் தருவார்கள் என்று சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் துளை போட்டு, ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழியைப் பார்த்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தி. நானும் என் மனைவியும் போய் நின்றுகொண்டிருந்தோம். அக்கா இடது பக்கமாகப் படுத்தபடி, "பாத்து, டிவி கீழ் மாடிக்குப் போயிடப்போகுது" என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டார். படம் வந்தது. ஏதோ கடற்கரை, அலையில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். இருட்டாகக் கிடந்த அந்த அறை நீலமாகிவிட்டது. சகலை கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, தலையை அக்காவின் தலையணையில் அவள் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"கடலே வந்துடுச்சு வீட்டுக்குள்ள" என்றாள் அக்கா. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு தையல் தொழிற்சாலைச் சூப்பர்வைசர் விழித்துக்கொண்டாள். "என்ன விலைங்க இது?"

சொன்னார்.

"ஐயோ, எதுக்கு இவ்வளவு குடுத்தீங்க? கொஞ்ச நாளைக்குன்னு ஒரு சின்னதை மாட்டியிருந்தா போதாதா?"

சகலை நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் வாங்கிய எந்தப் பொருளுக்கும் அவரிடம் இவ்வளவு நல்ல காரணம் இருந்ததில்லை. "கொஞ்ச நாளா? யார் சொன்னா? டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன். பத்து வருஷம் இருப்பே நீ. டிவியும் பத்து வருஷம் வரும். கணக்குப் போட்டுப் பாத்தா அந்தச் சின்னதைவிட இதுதான் சல்லிசு."

அக்கா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்க அவளால் முடியாது.

"பத்து வருஷமா?"

"பதினஞ்சுகூட இருக்கலாம்னாங்க."

என் மனைவி சட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். போகிற போக்கில் என் கையை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனாள், வாயை மூடச் சொல்லு அவரை என்கிற மாதிரி. அவளுக்குத் தெரிந்திருந்தது. தலை வாரிவிடும்போதெல்லாம் அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள், இன்னும் எத்தனை நாள், இதோ முடிஞ்சிடும், அதுவரைக்கும் சிரிச்சுட்டே இருந்துடறேன் என்று. நான் அதைத்தான் தைரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் என்னிடம் சொன்னாள்.

"ஆறு மாசம்னு சொன்னாங்களே?" என்றாள் அக்கா. நூற்றிருபது மெஷின்களைத் தாண்டிக் கேட்ட குரல், கட்டிலைத் தாண்டி வரவில்லை.

"அது அந்தப் பழைய டாக்டர். அவருக்கு என்னைப் பத்தித் தெரியாது" என்றார் சகலை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை கிடையாது. சகலை துண்டால் துடைத்தார். "வெளிச்சம் கண்ணைக் குத்துதா?" என்று கேட்டார். ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்தார். "இப்போ?" என்றார். இன்னும் குறைத்தார். கடல் சாம்பலாகி, கறுத்து, அலை இருக்கிற இடம்கூடத் தெரியாமல் போகிறவரை குறைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அலாரம் அடித்தது. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சகலை ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"திருப்பாதீங்க" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "இப்படியே விட்டுடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்க எனக்குக் கையில்லை. விட்டுடுங்க."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை. பிறகு ஒரு கையை அவள் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மெதுவாகத் திருப்பினார்.